மிச்ச மூச்சு

நீ கை துடைத்தாய். வேர்வையைத்தான் துடைத்தேன் என்று யாரிடமாவது போய்ச் சொல், என்னிடம் சொல்லாதே. வேர்வையை யாரும் உள்ளங்கையை இடுப்புச் சேலையில் அழுத்தி, புறங்கையைப் புரட்டி மறுபடி அழுத்தித் துடைக்க மாட்டார்கள். அது ஏலக்களத்துத் துடைப்பு. மீன் கூறு கட்டிக் கிடக்கும், விலை ஏறும், நீ ஒன்று சொல்வாய் நான் ஒன்று சொல்வேன், கடைசியில் இரண்டு பேரில் ஒருத்தி எனக்கு வேண்டாம் நீயே அள்ளிக்கொள் என்பதை வாயால் சொல்லாமல் ஈரக்கையைச் சேலையில் துடைப்பாள், அதோடு முடிந்தது, ஏலம் கூறுகிறவர் அடுத்த கூறுக்கு நகர்ந்துவிடுவார். நம் கரையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதைத்தான் நீ இன்றைக்கு ஓட்டத்தில் செய்தாய், மாதா திருவிழாவில், ஊரே கூடி நிற்கையில், குடும்பப் பெண்கள் ஓட்டத்தின் கடைசி மணலில், கட்டியிருந்த கயிறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அதுவரைக்கும் நீ எனக்கு ஒரு கை முன்னால் ஓடிக்கொண்டிருந்தாய். கோயில் கொடிமரத்திலிருந்து உப்பளத்து வரப்பு வரைக்கும் முன்னால், ஐஸ் கம்பெனியைச் சுற்றித் திரும்பும்போதும் முன்னால், கரைமணலில் இறங்கியபோதும் உன் குதிகால் கிளப்பின மணல்தான் என் முழங்காலில் அடித்தது. பிறகு திரும்பிப் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். கை துடைத்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: கை துடைத்தவளோடு நான் ஒருநாளும் மல்லுக்கு நின்றதில்லை, அந்தப் பழக்கம் காலுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது போல, உன் கை சேலையில் பட்டதும் என் கால் தானாகத் தளர்ந்தது. ஏலம் முடிந்த கூறை அள்ளப் போகிறவள் மாதிரி, பெட்டி எங்கே ஐஸ் எங்கே என்று பார்த்துக்கொண்டு போகிறவள் மாதிரி, அசைந்து அசைந்து போய்க் கயிற்றை நெஞ்சில் வாங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். மைக்கைப் பிடித்திருந்த டெரன்ஸ், கோயில் பங்குப் பேரவைக்காரன், "ஏலக்களத்து ராணி, ஓட்டத்துலயும் ராணி, நம்ம இஞ்ஞாசி அக்கா" என்று கத்தினான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஏலத்தில் மீன் எடுக்கிற உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அந்த மணலில் ஓட்டம் நடக்கவில்லை, ஓட்டம் பாதியிலேயே முடிந்துவிட்டது என்று.

இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் கால் மடங்கிவிட்டது, அப்படியே மணலில் குந்திவிட்டேன், எழுந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை, எழுந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நெஞ்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கரையில் ஏற்றி வைத்த பிறகும் வள்ளத்து இஞ்சின் நிறுத்தாமல் கிடந்தால் பலகையெல்லாம் அதிருமே, அப்படி விலா அதிர்கிறது. தொண்டையில் பழைய ஆணியைச் சப்பின ருசி. கெண்டைக்காலில் ஒரு சதை பெட்டிக்குள் போட்ட சூடை மீன் மாதிரி துள்ளுகிறது, கையால் அமுக்கினால் அந்தப் பக்கம் போய்த் துள்ளுகிறது. முகத்தில் உப்பு காய்ந்து தோலை இழுக்கிறது. ஆனால், இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. எவ்வளவு நன்றாக என்றால், மணல் சூடு தொடைக்கு இதமாக இருக்கிறது, காற்று வந்து கழுத்தில் உட்காருகிறது, எங்கேயோ கருவாடு காய்கிற வாடைகூடப் புதுசாக மூக்கில் ஏறுகிறது, கரையில் நிற்கிற பொம்பளைகள் ஒவ்வொருத்தியும் அழகாகத் தெரிகிறாள். "ஏட்டி, பரிசு இவளுக்கா, கஸ்பார் அண்ணன் சட்டைக்கா?" என்று ஒருத்தி கேட்கிறாள், சேலைக்கு மேல் நான் போட்டிருக்கிற என் வீட்டுக்காரர் சட்டையைச் சொல்கிறாள், மற்ற நாளாக இருந்தால் அவள் அப்பன் சட்டையையும் சேர்த்து இழுத்திருப்பேன், இன்றைக்கு வாய் சிரிக்கப் போகிறது. இதுதான் ஆபத்து. இந்தச் சுகம் ஒரு கெட்ட சுகம். நானும் எத்தனையோ பேரம் பார்த்துவிட்டேன், வயிறு நிறையத் தின்ற கையோடு பேரம் பேசக்கூடாது, சிரித்துப் பேசிவிட்டுப் பேசக்கூடாது, உடம்பு இளகியிருக்கும்போது எவன் என்ன கேட்டாலும் போகட்டும் என்று தோன்றிவிடும். மீன் கம்பெனிக்காரன் அதற்குத்தானே டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவான். நான் நின்றுகொண்டு பேசுவேன், வெயிலில் நின்று, பசியோடு நின்று. இப்போது என் உடம்பே எனக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறது. மூச்சு அடங்க அடங்க கோபமும் அடங்குகிறது. எனக்கு அது தெரிகிறது, வாளியில் ஓட்டை இருந்தால் தெரிவது போல. முழுசாக ஆறிவிட்டேன் என்றால், போகட்டும் பாவம், நல்லதுக்குத்தானே செய்தாள் என்று உன்னை விட்டுவிடுவேன், உன்னை விட்டேன் என்றால் நான் அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவுதான் என்று உனக்குப் புரியாது, அல்லது புரியும், உனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும். நான் ஏலக்களத்தில் விழுந்த அன்றைக்கு என்னைத் தூக்கினது நீ. மாசக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது, சொல்லவில்லை, யாரிடம் சொல்வது, சொன்னால் வீட்டில் படு என்பார்கள், படுத்தால் என் இடத்தில் வேறொருத்தி பெட்டியை வைப்பாள். அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பஸ்ஸில் தலைப்பெட்டியோடு ஏறினால் கண்டக்டர் பெட்டியை முதலில் இறக்குவான், பிறகு என்னை இறக்குவான், மீன் தண்ணி ஒழுகுது என்று அடுத்த ஊர் வரைக்கும் நடந்தவள் நான். அவனிடம் கத்திக் கத்தித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது, இந்தக் குரலை வைத்துத்தான் ஏலத்தில் நின்றேன். அன்றைக்கு விளமீன் கூறு, நீயும் நானும் ஏற்றிக்கொண்டே போனோம், உன் வாய் அசைவது தெரிகிறது சத்தம் கேட்கவில்லை, ஐஸ் உடைத்துக் கொட்டியிருந்த இடத்தில் போய் விழுந்திருக்கிறேன். கண் விழித்தபோது மினிடோர் வண்டியில் உன் மடியில் தலை. உன் சேலையெல்லாம் என் ரத்தம். "மைனி, கண்ணத் தொற மைனி, கண்ண மூடிராத" என்று என் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தாய், எரிச்சலாக இருந்தது, கையை ஓங்கக்கூட தெம்பில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு வந்து ஏலக்களத்தில் நின்றால் ஊரே மாறிப்போயிருந்தது. நான் ஒரு விலை சொன்னால் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. எல்லாரும் கை துடைக்கிறார்கள். பாவம் இஞ்ஞாசி, எடுத்துக்கிடட்டும். நல்ல மீனெல்லாம் எனக்குச் சும்மா வந்தது, வீட்டுக்குப் போய் அழுதேன், அவர் கேட்டார், நல்ல மீன்தான கெடச்சிருக்கு ஏன் அழுற என்று. என்ன சொல்ல. செத்தவளுக்குப் பூ வைக்கிற மாதிரி மீன் வைக்கிறார்கள் என்று எப்படிச் சொல்ல. நீ ஒருத்திதான் துடைக்கவில்லை. நீ ஒருத்திதான் அன்றைக்கும் எனக்கு மேலே கேட்டாய், கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கோணிக்கொண்டு, "என்ன மைனி, கொரலு காத்தாட்டம் வருது?" என்றாய். நான் பதிலுக்குக் கத்தினேன் பாரு, தையல் போட்ட இடம் சுரீர் என்று இழுத்தது, அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. அன்றைக்குத்தான் எனக்கு உயிர் திரும்பிற்று, ஆஸ்பத்திரியில் இல்லை.

அப்படிப்பட்ட நீ. அதுதான் எரிகிறது. வேறு எவள் கை துடைத்திருந்தாலும் துப்பிவிட்டுப் போயிருப்பேன். இப்போது எனக்கு நடந்து முடிந்ததை நினைத்தும் பயமாக இருக்கிறது, எல்லாம் ஆடுகிறது. போன வாரம் சீலா மீன் கூறு, நீ சட்டென்று நிறுத்தினாயே, அப்போது நிஜமாகவே விலை கட்டாமல்தான் நிறுத்தினாயா? நெத்திலி வந்த அன்றைக்கு உனக்கு இருமல் என்று சொன்னாயே, இருமலா? நான் ஜெயித்தேன் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசின நாள் எத்தனை, அதில் நீ தூக்கிப் போட்டது எத்தனை? கத்தரிக்காய் வாங்கினவளுக்குக் கறிவேப்பிலை கொசுறு போடுகிற மாதிரி எனக்கு என் பிழைப்பையே கொசுறாகப் போட்டுக்கொண்டிருந்தாயா? இல்லை, சீலாவுக்கு உன் முகம் சுண்டிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது நடிப்பாக இருக்காது. நடிப்பாக இருக்குமோ. உனக்கு நடிக்கத் தெரியும், கம்பெனிக்காரனிடம் எனக்கு முன்னாலேயே எப்படி அழுது காட்டியிருக்கிறாய். இப்படி ஒவ்வொரு கூறாகத் திரும்பப் போய்ப் புரட்டிப் பார்க்கிறேன், எதுவும் பிடி கிடைக்கவில்லை, மூச்சு மட்டும் சீராகிக்கொண்டே வருகிறது, துரோகி மூச்சு.

கஸ்பார் வந்தார். சொம்பு நிறைய நீராகாரம், உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு. "மடக்கு மடக்கா குடி, கவுத்துராத" என்று சொல்லிவிட்டு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், கெண்டைச் சதையைக் கட்டை விரலால் வழித்து வழித்து விட்டார், ஊர் முன்னால், கொடிமரத்துக்கு எதிரே. "விடுங்க, ஊரு பாக்கு" என்றேன். "பாக்கட்டும். நரம்பு ஏறிச்சின்னா ஊருக்கா நோவும்?" அந்த மனுஷன் என்மேல் கோபப்பட்டதே இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். நீராகாரம் உள்ளே இறங்குகிறது, இறங்குகிற வழியெல்லாம் தெரிகிறது, நெஞ்சுக்குழி, வயிறு, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத அந்த இடம், அங்கேயும் குளிர்ச்சி போய்த் தங்குகிறது. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. சும்மாதான், ஒரு காரணமும் இல்லை. இந்த அழுகையை எனக்குத் தெரியும். தையல் பிரித்து, பாரம் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்களே, அந்த மாதத்தில் ஒருநாள் மினிபஸ் கிளம்பிவிட்டது, பெட்டி உள்ளே, நான் வெளியே. அந்தப் பழைய கண்டக்டர்தானா என்றுகூடப் பார்க்கவில்லை, வந்த கோபத்தில் ஓடினேன், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பஸ்ஸின் பின்னால் எறிந்துகொண்டு, ஓடிப் பிடித்துவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகு நெஞ்சு இடிக்கிறது, பக்கத்து ஸீட்டு அம்மா ஏன்மா அழுவுற என்கிறாள். இது என் நெஞ்சுதான், வேறு யாரும் உள்ளே வைத்துத் தைத்தது இல்லை என்று அவளிடம் சொல்ல முடியுமா? மறுநாள் விடிகிற நேரத்தில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு தேரிக்காட்டு மணலில் ஓடினேன், பஸ் இல்லாமலே. அன்றையிலிருந்து விடவில்லை. ஓடி முடித்து உட்கார்ந்தால் வருமே இந்த ஒரு நிமிஷம், உடம்பில் எதுவும் மிச்சமில்லாமல், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி, இதற்காகத்தான் ஓடுகிறேன், பரிசு அண்டாவுக்காகவா ஓடினேன். இன்றைக்கு அது வரவில்லை. வந்த மாதிரி இருக்கிறது, வரவில்லை. காலில் நடுக்கம் இருக்கிறது, தொண்டையில் இரும்பு ருசி இருக்கிறது, எல்லாம் இருந்தும் அடியில் ஒரு மூச்சு செலவழியாமல் கிடக்கிறது, அந்தக் கடைசி மணலுக்கென்று நான் கட்டி வைத்திருந்த மூச்சு. நீ கை துடைத்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. அது இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. அதை என்னவென்று செலவழிப்பேன்? உன்னைத் தாண்டியிருப்பேனா, மாட்டேனா? தாண்டியிருக்க மாட்டேன் என்றால் அதுவும் எனக்கு வேண்டும். தோற்றுப் போயிருந்தால் முழுசாகத் தோற்று, முழுசாக மூச்சு வாங்கி, உன்னைத் திட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பேனே இந்த மணலில்.

அப்புறம் நீயே வந்தாய். வராமல் இருந்திருக்கலாம். கஸ்பார் சொம்பைக் கழுவப் போயிருந்தார், நீ வந்து என் பக்கத்தில் குனிந்து, முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு, உனக்கே இன்னும் இரைக்கிறது, "மைனி, நெஞ்ச அடைக்கா?" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் வருமோ. "ஏன், அடைச்சா தூக்கிட்டுப் போவலாம்னு வண்டி பேசி வச்சிருக்கியா?" நீ சேலை முந்தியை இழுத்துச் செருகினாய். "கேக்கேன்ல, ஏட்டி, ஏன் கை தொடச்ச?" நீ கடலைப் பார்த்தாய். பிறகு, அந்தக் குரல் உன் குரலே இல்லை, "திரும்பிப் பாத்தேன் மைனி. ஒங்க மூஞ்சி அன்னைக்கு வண்டியில கெடந்த மாதிரியே வெளுத்துக் கெடந்துச்சு. ஒதடு நீலமா. எனக்குக் காலு ஓடல." "வெயில்ல ஓடுறவ மூஞ்சி பின்ன சாமந்திப்பூ மாதிரியா இருக்கும்?" "நீங்க பாக்கல மைனி ஒங்க மூஞ்சிய. நான்தான பாத்தேன். ரெண்டு தடவயும் நான்தான பாத்தேன்." சொல்லிவிட்டு உன் வாய் கோணிற்று, ஏலத்தில் கோணுமே அப்படி இல்லை, வேறு மாதிரி. "அண்டாவ வாங்கிட்டு வீட்டப் பாத்துப் போங்க" என்று போய்விட்டாய். அங்கே போய், இழுத்துப் போட்டிருக்கிற வள்ளத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாய், முதுகைக் காட்டிக்கொண்டு.

இப்போது என்ன செய்வது. பொய் சொல்லியிருந்தால் சுலபம், உன் காலில் முள் என்றோ வயிற்றைப் பிடித்தது என்றோ சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். நீ பயந்திருக்கிறாய். எனக்கு வந்த சாவைக் கண்ணால் பார்த்தது நீதான், நான் இல்லை, நான் உன் மடியில் சொகுசாகக் கிடந்தேன். அது உனக்கு இன்னும் ஆறவில்லை போல. நான் ஓடி ஓடி ஆறிக்கொண்டேன், ஒவ்வொரு விடியலும் கொஞ்சம் கொஞ்சமாக, உனக்கு யார் இருக்கிறார்கள், நீ எதன் பின்னால் ஓடி ஆறுவாய்? இந்தா, இந்த இடத்தில்தான் மனசு இளகுகிறது, போகட்டும் என்கிறது, போய் அவள் தோளில் கையைப் போட்டு அழுதுவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்கிறது, நீராகாரம் பேசுகிறது, மணல் சூடு பேசுகிறது. போட்டுவிடலாம்தான். போட்டுவிட்டால் நாளைக்கு விடியும், ஏலம் கூறுவார்கள், நான் விலை சொல்வேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய், உதடு என்ன நிறம் என்று பார்ப்பாய், பார்த்துவிட்டு விட்டுக் கொடுப்பாய். அதற்குப் பிறகு இந்தக் கரையில் என்னோடு மல்லுக்கு நிற்க ஒருத்தரும் இல்லை. எல்லாரும் என்மேல் அன்பாக இருப்பார்கள். அந்த அன்பிலேயே நான் செத்துப்போவேன். நீயும் ஒவ்வொரு நாளும் என்னை மடியில் போட்டுக்கொண்டு அந்த வண்டியிலேயே போய்க்கொண்டிருப்பாய், ஆஸ்பத்திரி வரவே வராது.

மைக்கில் கூப்பிடுகிறார்கள். "முதல் பரிசு, எவர்சில்வர் அண்டா. இஞ்ஞாசி அக்கா மேடைக்கு வாங்க. அக்கா, அண்டாவ அங்கயே ஏலம் விட்டுராதீங்க" என்கிறான் டெரன்ஸ், எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுந்திருக்கிறேன். தொடை இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி, கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது, ஒரு எட்டு, நிற்கிறேன், இன்னொரு எட்டு. மேடை வலது பக்கம். நான் இடது பக்கம் திரும்பி வள்ளத்தைப் பார்த்து வருகிறேன். "ஏட்டி இஞ்ஞாசி, இங்கிட்டு, மேடை இங்கிட்டு" என்று கஸ்பார் பின்னால் வருகிறார். தெரியும், மேடை எங்கே என்று எனக்குத் தெரியும். கோபம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் ஆறுவதற்குள் உன்னிடம் வந்து சேர வேண்டும். வந்துவிட்டேன். நிமிர்ந்து பார்க்கிறாய், கண் சிவந்திருக்கிறது, "என்ன மைனி, ஒடம்பு செய்யலையா?" என்று பதறி எழுகிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாக எழுந்திரு. அந்த அண்டா அங்கேயே இருக்கட்டும், இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. கயிற்றை மறுபடி கட்டச் சொல், அந்த மணல் முழுக்க எனக்கு நீ பாக்கி, அதை இன்றைக்கே, இந்த ஊர் கலைவதற்கு முன்னாலேயே என்னோடு ஓடித் தீர். என்னைவிட ஒரு கை முன்னால் நில், அப்படித்தானே ஓடிக்கொண்டிருந்தாய். அழுதுகொண்டு வேண்டுமானாலும் ஓடு, பயந்துகொண்டு வேண்டுமானாலும் ஓடு, பயந்துகொண்டே நீ வேகமாக ஓடினால் போதும் எனக்கு. நான் பின்னால் வருகிற சத்தம் கேட்கும், இரைக்கிற சத்தம், அது போதும் உனக்கு, இரைக்கிறவள் சாகவில்லை என்று தெரிந்துகொள்ள. வா, எந்திரிட்டி. திரும்பி மட்டும் பாக்காத.